கணக்கில் வராத குழந்தைகள்

வாயுவைச் சுவாசித்தவர்களுக்குப் பதிவேடு உண்டு. அவர்கள் வயிற்றில் பிறந்தவர்களுக்கு? போபாலின் ஏழைத் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவரும் கேள்வி இது.

போபாலில் ஒரு குழந்தைக்கு என்ன உரிமை என்பதை அதன் பிறந்த தேதி தீர்மானிக்கிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட்டைச் சுவாசித்த குழந்தை என்றால், அரசின் கணக்கில் அது ‘பாதிக்கப்பட்டவர்’. அதே வாயுவைச் சுவாசித்த தாய்க்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, வாய் பேசவில்லை என்றால், இழப்பீட்டுப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. பிறவிக் குறை எங்கும் உண்டு, போபாலில் மட்டுமா என்று கேட்டுவிட்டால் கோப்பை மூடிவிடலாம்.

மூட விடாமல் வைத்திருப்பவர்கள், அந்தக் குழந்தைகளின் பெற்றோர். குறிப்பாகத் தாய்மார்கள். பெரும்பாலோர் ஆலையின் சுவரை ஒட்டியும் அதற்கு வடக்கேயும் உள்ள குடிசைப் பகுதிகளில் வாழ்பவர்கள். பீடி சுற்றுவதும் தையலும் அன்றாடக் கூலியும்தான் இங்கே பிழைப்பு. இவர்கள் காலையில் குழந்தைகளுடன் வந்து சேரும் இடம் ‘சிங்காரி’ மறுவாழ்வு மையம். தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் வேறு பொருள் தரும். இந்தியில் அதற்குத் தீப்பொறி என்று அர்த்தம்.

அந்தப் பொறி பற்றியது ஒரு தொழிற்சங்கத்தில். விபத்துக்குப் பிறகு மத்தியப் பிரதேச அரசு, பிழைப்பு இழந்த பெண்களுக்காகத் தொழில் கூடங்கள் திறந்தது. காகிதம், நோட்டுப் புத்தகம் போன்ற எழுதுபொருள்கள் செய்யும் கூடம் ஒன்றில் ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் சந்தித்தார்கள். ரஷீதா பீ பர்தாவுக்குள் வளர்ந்தவர், சிறு வயதில் திருமணமானவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர். தையற்காரரான கணவர், வாயு தாக்கியபின் வேலை செய்ய முடியாதவரானார். சம்பா தேவி இந்துக் குடும்பத்துப் பெண். இருவருக்கும் பொதுவாக இருந்தது மூச்சிரைப்பும் குறைந்த கூலியும்தான். 1986-இல் சக பெண்களைச் சேர்த்துச் சங்கம் கண்டார்கள். கூலியை உயர்த்து, வேலையை நிரந்தரமாக்கு என்பவைதான் கோரிக்கைகள். வெளிநாட்டுக் கம்பெனி, நச்சு இயல், சர்வதேசச் சட்டம் எதுவும் அப்போது பேச்சில் இல்லை.

மாநில அரசு காதுகொடுக்கவில்லை. 1989 கோடையில் சுமார் நூறு பெண்கள், சிலர் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, பிரதமர் ராஜீவ் காந்தியிடம் மனு கொடுக்க டெல்லிக்கு நடந்தார்கள். சுமார் 750 கிலோமீட்டர். அதுவும் நுரையீரல் கெட்டவர்கள். ஊதியச் சலுகைகள் கிடைக்க அதன் பிறகும் ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அந்த நடையிலிருந்து திரும்பியவர்கள் பழைய ஆட்கள் அல்ல. அதிகாரியின் மேசை முன் நிற்கப் பழகிவிட்டிருந்தார்கள்.

இதே காலத்தில் இன்னோர் அணியும் திரண்டது. அப்துல் ஜப்பார் தலைமையிலான மகளிர் அமைப்பு வாராவாரம் ஒரு பூங்காவில் கூடியது. படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு இன்னொருவர் நிரப்பினார். எந்த அலுவலகத்தில் எந்தச் சான்று என்பது வாய்வழியாகப் பரவியது. கூடவே தையல் பயிற்சி. பிச்சை வேண்டாம், வேலை கொடு என்பது அவர்களது முழக்கம். ஜப்பார் 2019-இல் காலமானார்; மறு ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வெவ்வேறு அமைப்புகள், தனித்தனி மேடைகள். கருத்து வேறுபாடுகளும் உண்டு. இருந்தாலும் போபாலின் ஏழைப் பெண்களுக்கு அரசிடம் எதைக் கேட்கலாம் என்ற பாடத்தை நடத்திய பள்ளிக்கூடங்கள் இவைதான்.

கேட்டதில் கிடைத்தது எவ்வளவு? 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. பாதிக்கப்பட்டவர்களை யாரும் கலந்து பேசவில்லை. 1990 முதல் தலைக்கு மாதம் 200 ரூபாய் இடைக்கால நிவாரணம். பிறகு பெரும்பாலோருக்குத் தீர்ப்பான இழப்பீடு 25,000 ரூபாய். அதிலிருந்து அந்த மாதாந்திர 200 கழித்துக்கொள்ளப்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்த கணக்கு! மிச்சமிருந்த நிதியைப் பகிர்ந்தளிக்கும்படி 2004-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் அதே அளவு தொகை இன்னொரு முறை கிடைத்தது.

பின்னால் பிறந்தவர்கள் விஷயத்தில் நீதிமன்றம் கண்மூடிக்கொண்டது என்று சொல்ல முடியாது. 1991 அக்டோபர் தீர்ப்பில் அவர்களை நினைத்துத்தான் ஒரு பத்தி எழுதப்பட்டது. அப்போது நோய்க்குறி தெரியாதவர்கள், இனிப் பிறக்கப்போகிறவர்கள் என ஒரு லட்சம் பேருக்கு மத்திய அரசு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், சமரச நிதி போதாவிட்டால் குறையை அரசே ஈடுகட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. நல்ல ஏற்பாடுதான். காகிதத்தில்.

தொண்ணூறுகளில் குடியிருப்புகளில் குழந்தைகள் வளர வளர, தாய்மார்கள் ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்தார்கள். அன்னப்பிளவு, மூளை முடக்குவாதம், காது கேளாமை. என் பாவம், என் விதி என்று வீட்டுக்குள் அழுதவர்களுக்கு, அடுத்த சந்திலும் அதே அழுகை என்பது தெரியவந்தது. சம்பா தேவியின் பேத்தியும் குறையுடன் பிறந்த குழந்தை. 1999-இல் கிரீன்பீஸ் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, ஆலை வளாகத்தின் மண்ணிலும் சுற்றுப்புற நிலத்தடி நீரிலும் பாதரசமும் வேறு நச்சுகளும் இருப்பதைக் காட்டியது. வாயுவைச் சுவாசிக்காமல் பின்னால் குடிவந்தவர்களும் அடிபம்பு வழியாக இந்தக் கதைக்குள் வந்துவிட்டார்கள். குழாயில் நல்ல தண்ணீர் கொடு என்று 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது முழுமையாக வந்துசேரவும் போராட்டம்தான் வேண்டியிருந்தது.

2004-இல் ரஷீதா பீக்கும் சம்பா தேவிக்கும் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 1,25,000 டாலர். ஒருவர் தம் குடும்பத்தில் ஆறு பேரைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். மற்றவர் கணவரை இழந்தவர். இருவருக்கும் அந்தப் பணத்தின் தேவை இல்லாமலில்லை. ஆனால் அது சிங்காரி அறக்கட்டளையாக மாறியது.

மையத்தில் நடப்பது அதிசய சிகிச்சை அல்ல. பயிற்சிதான். முடங்கிய காலை நீட்டி மடக்குவது, வாயைத் திறந்து ஓர் ஒலியை எழுப்பவைப்பது, கரண்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது. கட்டணம் இல்லை, குழந்தைகளை அழைத்துவர வண்டி உண்டு. பதிவு செய்த குழந்தைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். தாய்மார்கள் கூடவே உட்கார்ந்து பயிற்சிகளைக் கற்றுக்கொள்கிறார்கள், வீட்டில் தொடர வேண்டுமே. நிற்காத குழந்தை பிடிமானமில்லாமல் நிற்பதற்கு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அன்றாடக் கூலியை இழந்து வந்துபோவதற்கு, அருகில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தாய்தான் துணை.

பரஸ்பர ஆறுதலோடு நின்றுவிட்டிருந்தால் அரசுக்கும் நிம்மதி. நிற்கவில்லை. 2006-இலும் 2008-இலும் மீண்டும் டெல்லிக்குப் பாதயாத்திரை. 2008-இல் குழந்தைகளும் ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் நீடித்தது அந்தத் தர்ணா. மறுவாழ்வுக்கு அதிகாரம் படைத்த ஆணையம் அமைக்கக் கொள்கையளவில் சம்மதம் என்று ஆகஸ்டில் பதில் வந்தது. கேட்ட வடிவில் ஆணையம் வரவில்லை. 2010-இல் ப. சிதம்பரம் தலைமையில் கூடிய அமைச்சர்கள் குழு, உயிரிழப்புக்கு 10 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு 5 லட்சம், புற்றுநோய்க்கு 2 லட்சம் என்று பரிந்துரைத்தது, ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக்கொண்டு. அந்தப் பட்டியலும் பழைய பதிவேட்டின் மீது போடப்பட்டதுதான்.

நிரூபணம் எங்கே என்பது அதிகாரிகளின் நியாயமான கேள்வி. நியாயமற்றது, நிரூபணத்தைத் தேடிய விதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வுகள் 1994-இல் நிறுத்தப்பட்டன. பிற்பாடு அதன் போபால் நிறுவனம் நடத்திய ஆய்வொன்றில், வாயு பாதித்த தாய்மாரின் குழந்தைகளில் 9 சதவீதத்தினருக்கும் பாதிக்காத தாய்மாரின் குழந்தைகளில் 1.3 சதவீதத்தினருக்கும் பிறவிக் குறை காணப்பட்டது. முறையில் பிழை என்று சொல்லி அது வெளியிடப்படவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம்தான் வெளியே வந்தது. பிழை என்றால் திருத்தி மறுபடி செய்வதல்லவா முறை? 2023-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1985-இல் அப்பகுதியில் பிறந்த ஆண்களிடையே ஊனமும் புற்றுநோயும் அதிகம் என்று எழுதினார்கள். சம்பவத்தின்போது அவர்கள் கருவில் இருந்தவர்கள்.

அதே 2023 மார்ச் 14-ஆம் தேதி, கூடுதலாக 7,844 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு 2010-இல் போட்ட சீராய்வு மனுவை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தள்ளுபடி செய்தது. கம்பெனி தப்பித்தது என்பது மறுநாள் தலைப்புச் செய்தி. உள்ளே இன்னொரு விஷயம் இருந்தது. 1991-இல் எடுக்கச் சொன்ன காப்பீட்டை மத்திய அரசு எடுக்கவே இல்லை. இது பெரும் அலட்சியம் என்று நீதிபதிகள் பதிவு செய்தார்கள். ரிசர்வ் வங்கியில் கிடக்கும் 50 கோடி ரூபாயை நிலுவையிலுள்ள கோரிக்கைகளுக்குப் பயன்படுத்தும்படியும் சொன்னார்கள்.

2025 ஜனவரியில் ஆலையிலிருந்து 337 டன் நச்சுக் கழிவு பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஜூன் முடிவதற்குள் எரிக்கப்பட்டது. கிடங்கில் மூட்டையாக இருந்த கழிவு அது. மண்ணில் புதைந்ததும் நீரில் கலந்ததும் அந்த 337 டன்னில் சேராது. 1991 தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். காப்பீட்டு அட்டை இன்னும் வரவில்லை.