விமான நிலையம் மட்டும் போதுமா?

ஊர்தோறும் விமான நிலையம் வேண்டும் என்ற குரல் இன்று நாடெங்கும் எழுகின்றது. நாம் வாழும் ஜாம்ஷெட்பூரும் இதற்கு விலக்கன்று. சோனாரியிலுள்ள ஓடுபாதை சிறியது. பெரிய விமானங்கள் அங்கு இறங்க இயலாது. தால்பூம்கரில் புதிய நிலையத்திற்கு 2019-இல் அடிக்கல் நாட்டினர். ஆண்டுகள் பல சென்றும் விமானம் வந்தபாடில்லை. தாயகத்திலிருந்து துயரச் செய்தி வந்தால், சென்னைக்கு விமானம் ஏற நாம் ராஞ்சிக்கோ கொல்கத்தாவுக்கோ விரைய வேண்டியுள்ளது.

ஆயினும், கட்டடம் எழுந்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? சிறு நகரங்களை இணைக்க 2016-இல் வகுத்த ‘உடான்’ திட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் 774 வழித்தடங்கள் வழங்கப்பெற்றன. அவற்றுள் 371 மட்டுமே தொடங்கின என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. அவற்றிலும், அரசு உதவி பெறும் 3 ஆண்டுகளைக் கடந்து 2023 மார்ச்சில் நிலைத்திருந்தவை 54 தாம்!

ரயில்வேயில் பணியாற்றும் எமக்குத் தெரிந்த உண்மை ஒன்றுண்டு: நிலையத்தின் அழகைக் காட்டிலும், வண்டி தவறாமல் வருவதே பயணிக்குப் பெரிது. விமானத்திற்கும் இது பொருந்தும். ஆகவே பளிங்குத் தளத்தைக் கேட்குமுன், நாள் தவறாத சேவையையும், நிலையத்திலிருந்து டாட்டாநகர் வரை பேருந்து வசதியையும் கேட்போம். சங்க அன்பர்கள் இதனை ஒருமுகமாக வலியுறுத்துவார்களாக!