தவழும் பிள்ளையும் தரையில் கிடக்கும் ஆபத்தும்

உங்கள் செல்லப் பிள்ளை தவழத் தொடங்கிவிட்டதா? மாஷா அல்லாஹ்! பெரும்பாலான பிள்ளைகள் ஏழு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடையில் தவழ்ந்துவிடும். நேற்று வரை போட்ட இடத்தில் கிடந்த பிள்ளை, இன்று நீங்கள் ஒரு வெங்காயம் அரிந்து முடிப்பதற்குள் ஹோலைத் தாண்டிக் குசினி வாசலுக்கு வந்து உங்களை நிமிர்ந்து பார்க்கும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நீங்களும் தரையில் முழங்காலிட்டு வீடு முழுவதும் தவழ்ந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம் சகோதரிகளே! காலையில் கூட்டிப் பெருக்கிய வீடு என்ற நம்பிக்கையோடு நானும் அப்படித் தவழ்ந்தேன். சோபாவின் அடியில் ஒரு கச்சான் கொட்டையும் சட்டைப் பொத்தானும் இரண்டு ரூபாய்க் குற்றியும் அகப்பட்டன. தையல் இயந்திரத்தின் அருகில் மூன்று குண்டூசிகள்.

குண்டூசியைப் பற்றி நம் வீடுகளில் தனியாகவே பேச வேண்டும். கண்ணாடிக்கு முன் நின்று, ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு தலையை மறைப்பது நம்மில் பலரின் பழக்கம். வழுக்கி நம் தொண்டைக்குள் போனாலும் ஆபத்து, தரையில் விழுந்தாலும் ஆபத்து. தவழும் பிள்ளைக்குக் கண்ணும் கையும் வாயும் ஒன்றுதான். கண்டதை எடுக்கும், எடுத்ததை வாயில் போடும். அறுந்த தஸ்பீஹின் மணியும் அப்படியே.

இவற்றுள் மிகக் கொடியது றிமோட்டிலும் விளையாட்டுச் சாமான்களிலும் இருக்கும் தட்டையான பொத்தான் பற்றரி. தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே எரித்துப் புண்ணாக்கிவிடும். பிள்ளை இருமாமலும் இருக்கலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். மலத்தோடு வெளியே வந்துவிடும் என்று வாழைப்பழம் ஊட்டிக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எதுவும் தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறினால், கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள். அது இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். பிள்ளையைத் தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு இடையில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரல்களால் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு விலகும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். அருகில் உள்ளவர் அதற்குள் 1990 இலக்கத்துக்கு அழைக்கட்டும்.

இனி எங்கள் வீட்டுக் கதை. 2022ஆம் ஆண்டு கேஸ் தட்டுப்பாட்டின்போது பரணிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பை இறக்கினோம். எண்ணெயை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிக் கதவு மூலையில் வைத்தது நான்தான். ஒன்பது மாத மகன் அதைச் சரித்துவிட்டான். எவ்வளவு குடித்தான் என்று இன்றும் தெரியாது, சட்டையெல்லாம் மணந்தது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கச் சொன்னார் மாமி. நல்ல காலமாக, பக்கத்து வீட்டில் இருந்த தாதி ஓடி வந்து தடுத்தார். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கேட்டைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் செய்யும் கேடு பெரிது. இரண்டு நாள் வார்டில் இருந்து வந்தோம். அன்றிலிருந்து குடிபானப் போத்தலில் வேறெதுவும் எங்கள் வீட்டில் ஊற்றுவதில்லை. ஹார்பிக், குளோரின், அலுமாரியில் போடும் நப்தலீன் உருண்டை எல்லாம் பூட்டுக்குள்தான். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டறிந்து குசினிக் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கிளினிக்கில் உங்களுக்குத் தந்த இரும்புச் சத்து மாத்திரைகளையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு மருந்தாவது சிறு பிள்ளைக்கு நஞ்சு.

சூடு விடயத்தில் பாய் விரித்துச் சாப்பிடும் வீடுகளுக்கு அதிக கவனம் வேண்டும். கறிச் சட்டி, தேநீர்க் கேத்தல், நோன்பு காலத்தில் கஞ்சிப் பானை, மாலையில் சாம்பிராணிச் சட்டி எல்லாம் பிள்ளையின் கைக்கெட்டும் தரையில்தான் இருக்கின்றன. மேசையில் வைத்தாலும் விரிப்பு தொங்கினால் பிள்ளை அதை இழுக்கும். இந்த ஒரு வருடத்துக்கு விரிப்பை மடித்து அலுமாரியில் வையுங்கள். சுட்டுவிட்டால் பற்பசையும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டு, பின்பு டொக்டரிடம் காட்டுங்கள்.

குளியலறை வாளியில் கால்வாசித் தண்ணீர் இருந்தாலும் போதும். பிள்ளைக்குத் தலைப்பாரம் அதிகம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது, சத்தமும் கேட்காது. வாளியைக் கவிழ்த்து வையுங்கள், கதவை மூடுங்கள். கிணற்றுக்குக் கட்டு இல்லாத வீடானால் அதைக் கட்டும் வரை வேறு செலவு செய்யாதீர்கள் என்று பிள்ளையின் வாப்பாவிடம் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் தரையோடு ஒட்டிய வட்டக் குழி பிளக்குகளுக்கு உள்மூடி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் மூடி வாங்கிப் போடுங்கள். ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

சக்கரம் வைத்த வோக்கரில் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அது பிள்ளையைப் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் விரைவாகக் கொண்டு சேர்க்கும் வண்டி. கனடாவில் 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

தனியாக இருக்கும் தாய்மார் கேட்பார்கள், "தொழும்போது என்ன செய்வது?" என்று. கதவைச் சாத்தி, பிள்ளையை அதே அறையில் முஸல்லாவுக்கு முன்னால் விட்டுக்கொள்ளுங்கள். முதுகில் ஏறினால் ஏறட்டும். ஆபத்தை நோக்கிப் போனால் தொழுகையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்க மார்க்கத்தில் இடமுண்டு. பிறகு புதிதாகத் தொழுதுகொள்ளலாம்.

இவ்வளவும் செய்து முடித்த வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மூத்தும்மா வருவார். கைப்பையைப் பாயில் வைத்துவிட்டுப் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவார். பைக்குள் வெற்றிலைச் சுருள், பாக்குத் துண்டு, சீனி வியாதி மாத்திரை. அந்த மாத்திரையில் ஒன்று போதும், பிள்ளையின் சீனியைச் சட்டெனக் குறைத்து மயக்கத்தில் தள்ள. ஸலாம் சொல்லி வரவேற்கும்போதே பையை வாங்கி அலுமாரிக்கு மேல் வையுங்கள். மரியாதை செய்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.