உடன்படிக்கையும் பாராளுமன்றமும்

குடும்பத் தலைவர் கையெழுத்திட்ட பத்திரம் குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்தும். ஆதலின், கையெழுத்திடுமுன் வீட்டாரைக் கலந்துகொள்ளுதல் அறிவுடையோர் வழக்கம். நாடுகள் தம்முள் செய்துகொள்ளும் வாணிக உடன்படிக்கைகளுக்கும் இது பொருந்தும். முன்னாளில் அவை பெரும்பாலும் சுங்கவரியைப் பற்றியனவாகவே இருந்தன. இந்நாளிலோ, விதை, மருந்து, வங்கி முதலியவற்றில் ஒரு நாடு எத்தகைய சட்டம் இயற்றலாம் என்பதையும் அவை வரையறுக்கின்றன. சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் கடமை. உடன்படிக்கை செய்வது அமைச்சரவையின் செயல். இவ்விரண்டும் முரண்பட்டால் நேர்வது யாது? இந்தியாவின் மருந்துக் காப்புரிமை வரலாறு இதற்கு விடை தருகிறது.

புதிய பொருளைக் கண்டுபிடித்தவர்க்கு, அதனைச் செய்து விற்கும் தனியுரிமையைக் குறிப்பிட்ட காலத்திற்கு அரசு வழங்குவதே காப்புரிமையாகும். நாடு விடுதலை பெற்றபின்னும் ஆங்கிலேயர் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டமே நடப்பில் இருந்தது. பிறர் செய்ய இயலாமையால் பல மருந்துகளின் விலை உயர்ந்தே நின்றது. இதனை ஆராய்ந்து, நீதிபதி இராசகோபால ஐயங்கார் 1959ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். அதனைத் தழுவிப் பாராளுமன்றம் 1970ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றியது. அதன்படி, மருந்தைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை உண்டு, மருந்துக்கு இல்லை. ஆகவே, அதே மருந்தை வேறு முறையில் செய்ய எவர்க்கும் வழி பிறந்தது. உள்நாட்டு மருந்துத் தொழில் தழைத்தது, விலையும் குறைந்தது.

1994 ஏப்ரல் 15ஆம் நாள், மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில், உலக வாணிக அமைப்பை நிறுவும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியாவும் அதில் ஒப்பமிட்டது. மருந்துப் பொருளுக்கே 20 ஆண்டுக் காப்புரிமை தருதல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இதற்கு இந்தியாவுக்கு 2005 ஜனவரி வரை தவணை கிடைத்தது. எனினும், இடைக்காலத்தில் விண்ணப்பங்களைப் பெற்றுவைக்கச் சட்டத்தில் இடமளித்தல் வேண்டும்.

இந்திய அரசியலமைப்பின்படி உடன்படிக்கை செய்வதற்குப் பாராளுமன்றத்தின் முன்னொப்புதல் கட்டாயமன்று. அதனை நிறைவேற்றச் சட்டம் தேவைப்படும்போதே பாராளுமன்றத்தின் வேலை தொடங்குகிறது. 1995ஆம் ஆண்டில் வந்த திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் காலாவதியாயிற்று. அமெரிக்கா முறையிட்டது. இந்தியா தன் கடமையில் தவறியது என்று உலக வாணிக அமைப்பு 1997ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் இசையவில்லை என்பது அங்குத் தக்க விடையாகவில்லை. 1999ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது.

எனினும், எஞ்சியிருந்த சிறு இடத்தைப் பாராளுமன்றம் நன்கு பயன்படுத்திற்று. எது புதுமை என்று வரையறுக்கும் உரிமையை உடன்படிக்கை அந்தந்த நாட்டிற்கே விட்டிருந்தது. பழைய மருந்தின் வடிவை மாற்றியதனாலேயே புதுக் காப்புரிமை கிடையாது. நோய் தீர்க்கும் ஆற்றல் மிகுந்திருத்தல் வேண்டும் என 2005 மார்ச் மாதத்தில் பாராளுமன்றம் விதித்தது. இவ்விதி செல்லும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் கூறியது. குருதிப் புற்றுநோய்க்கான மருந்தொன்றின் மாற்று வடிவுக்குச் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று கேட்ட காப்புரிமையை, இவ்விதி கொண்டே உச்சநீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் மறுத்தது. இதனால் அம்மருந்தைக் குறைந்த விலையில் செய்துவந்த உள்நாட்டு நிறுவனங்கள் தொடர்ந்து செய்ய இயன்றது.

பிற இடங்களில் வேறு முறைகள் உள்ளன. அமெரிக்க அரசியலமைப்பு அயல்நாட்டு வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கே அளித்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டில் ஒப்பமிட்ட போலிப்பொருள் தடுப்பு உடன்படிக்கையை, அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் ஐரோப்பியப் பாராளுமன்றம் 478க்கு 39 என்ற வாக்குகளால் தள்ளியது. அத்துடன் அஃது அங்கு நின்றுபோயிற்று.

பேரம் பேசுவோர் தம் கருத்தெல்லாம் வெளியிட்டுப் பேசுதல் இயலாது என்பர் சிலர். அஃது உண்மையே. ஆயினும், பேசும் வகையை மறைப்பது வேறு. பேசி முடித்ததை மறைப்பது வேறு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட உடன்படிக்கையைக் கையெழுத்தானபின் காட்டினால், உறுப்பினர் எஞ்சிய இடத்தையே தேட இயலும். முன்னரே காட்டினால், இடத்தை வகுக்கவும் இயலும். நோயாளி வாங்கும் மருந்தின் விலை வரை சென்று தைக்கும் உடன்படிக்கையை, அந்நோயாளியின் வாக்கைப் பெற்றவர் முன்னதாகவே ஆராய்தல் குடியாட்சியின் கடமையன்றோ!