ஈமக்காடும் ஏரியும்: காஞ்சிபுர வட்டாரப் பழைய கள ஆய்வுத் தரவுகளை மீளப் பயன்கொள்ளல்

பழைய செங்கற்பட்டு மாவட்டப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பற்றிய அடிப்படைத் தரவுகள் பெரும்பாலும் முக்கால் நூற்றாண்டுக்கு முற்பட்டவை. கே.ஆர். சீனிவாசன் 1946இலும் வி.டி. கிருஷ்ணசாமி 1949இலும் ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழில் இவற்றை விரித்தெழுதினர். கிருஷ்ணசாமியின் கள உற்றுநோக்கல் ஒன்று இன்றும் எடுத்தாளப்பெறுகிறது. இம்மாவட்ட ஈமச்சின்னங்கள் பாறைப்பாங்கான மேட்டுநிலத்தில், ஏரியையும் விளைநிலத்தையும் அடுத்து அமைந்துள்ளன என்பதே அது. ஏரிப்பாசனத்தைத் தொடங்கியோர் பெருங்கற்கால மக்களே என்னும் கருத்துக்கு இவ்வுற்றுநோக்கல் சான்றாக்கப்பட்டது. அத்தரவு இம்முடிவைத் தாங்குமா என்பதே இங்கு ஆராயப்பெறுகிறது.

காஞ்சிபுர வட்டாரம் ஏரிகள் மலிந்தது. எவ்விடத்தைச் சுட்டினும் அருகே ஓர் ஏரி இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆதலின் ஈமக்காட்டிலிருந்து ஏரிக்குள்ள தொலைவை மட்டும் அளத்தல் போதாது. அதே வட்டாரத்தில் முன்தெரிவின்றி எடுத்த வேறு மேட்டுநிலப் புள்ளிகளின் தொலைவையும் அளந்து ஒப்பிடல் வேண்டும். இரண்டும் ஒத்திருப்பின் அவ்வண்மை எதையும் மெய்ப்பிக்காது. மேட்டுநிலம் என வரையறுப்பதற்குக் காரணமுண்டு. உழவுக்கு உதவாத மேடு புதைப்பிடமாகும். அம்மேட்டிலிருந்து வழியும் நீரைத் தடுக்கவே சரிவின் கீழே கரை எழுப்பப்படும். இரு செயல்களுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு கழிந்திருப்பினும் அவை அருகருகே அமையும்.

ஏரிகளின் காலத்திற்குச் சாசனங்களே உறுதியான சான்று. காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்துச் செப்பேடு (7ஆம் நூற்றாண்டு) பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் குறிப்பிடுகிறது. 8ஆம் நூற்றாண்டுக் காசாக்குடிச் செப்பேடு ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊருக்குச் சேயாறு, வெஃகா, திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து கால் வெட்டிக்கொள்ளும் உரிமை அளிக்கிறது. திரையன் ஏரி இன்றைய தென்னேரி என்பர். இவை பல்லவர் காலத்தன. அதற்கு முந்திய கரை உண்டெனில் அதைக் கரையின் மண்ணடுக்கே காட்டவேண்டும். கல்வட்டத்தின் அண்மை காட்டாது.

தரவின் மற்றொரு குறையும் கருதத்தக்கது. ஈமச்சின்னம் கண்ணுக்குத் தெரிவது; நன்செய்யில் சிதறிய பானையோடு எளிதில் தெரியாது. உழவால் அழிந்த கல்வட்டங்களும் பட்டியலில் இடம்பெறா. மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் அகழப்பட்டவையும் ஈமச்சின்னங்களே. எனவே நமக்குக் கிடைத்திருப்பது இறந்தோர் நிலம். வாழ்ந்தோர் ஊர் பெரும்பாலும் இப்பதிவுகளுக்கு வெளியே உள்ளது.

ஊர்ப்பெயர்ச் சிக்கலில்தான் தமிழாய்வாளரின் பங்கு இன்றியமையாதது. இராபர்ட் சூவெலின் 1882ஆம் ஆண்டுப் பட்டியல் வட்டம், ஊர் என்னும் முறையில் அமைந்தது. அதன் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் ழகர, ளகர வேறுபாடு மறைந்துவிடும். 1997இலும் 2019இலும் மாவட்டம் பிரிக்கப்பட்டமையால் ஓரிடமே நூலுக்கு நூல் வெவ்வேறு மாவட்டத்தில் காணப்படும். கல்வெட்டு ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் பொருத்திச் சோழநாட்டு நாடுகளை வரைந்த எ. சுப்பராயலுவின் முறை (1973) இதற்கு வழிகாட்டும். தொகுக்கப்பெறும் ஒவ்வொரு பதிவிலும் மூலநூலின் எழுத்துவடிவம், இன்றைய வருவாய்க் கிராமம், இட அடையாளத்தின் உறுதிநிலை ஆகிய மூன்றும் தனித்தனியே குறிக்கப்பெறல் வேண்டும். உறுதியற்ற புள்ளிகளை நீக்கியும் சேர்த்தும் இருமுறை தொலைவைக் கணக்கிட்டால், முடிவு எத்துணைப் பதிவுகளைச் சார்ந்து நிற்கிறது என்பது புலனாகும்.