தைரியம் சொன்னால் மட்டும் போதுமா?

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில் புற்றுநோயாளி பிழைத்துக்கொள்வார். அவரைக் காப்பாற்றிய டாக்டர் இறந்துபோவார். பின்னால் வந்த தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு அந்த நோயாளி பிழைப்பதில் சம்மதமில்லை. நாயகனோ நாயகியோ ரத்தம் கக்கிச் சாவதற்கென்றே புற்றுநோய் வந்தது. கேன்சர் என்றாலே முடிவு என்று ஊரே நம்பிய அந்தக் காலத்தில், சீக்கிரம் வந்தால் குணப்படுத்தலாம் என்று சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி.சாந்தா.

ஆறுதல் சொல்ல அக்கம்பக்கத்தார் போதும். டாக்டர் தைரியம் சொல்கிறார் என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் படுக்கை, மருந்து, கருவி எல்லாம் இருக்க வேண்டும். அடையாறில் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.

தங்கையைப் பறிகொடுத்தவர்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய். அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்ததில் காலம் கடந்துவிட்டது. அந்த இழப்புக்குப் பிறகு புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் போராடினார். ‘எப்படியும் சாகப்போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு?’ என்ற எண்ணத்தையும் எதிர்த்தே அதைக் கட்ட வேண்டியிருந்தது. 1954-ல் 12 படுக்கைகளுடன் திறந்தார்கள். அவருடைய மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார், மறு ஆண்டு சாந்தா வந்து சேர்ந்தார்.

மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்த சாந்தாவுக்கு எழும்பூர் அரசு மருத்துவமனை வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்தவர் முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் வாங்கவில்லை. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் கிடைத்தன. 2021 ஜனவரியில், 93 வயதில் மறையும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு.

சேர்ந்து வளர்ந்தவை

கிராமத்து நோயாளிகள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக, 1950-களிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் கருவி வந்தது. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று கண்டவர்களுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்குத் தனி வார்டு வந்தது. 1984-ல் புற்றுநோய் மருத்துவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உயர்படிப்புகள் தொடங்கின. அங்கே படித்தவர்கள் வேறு ஊர்களுக்கும் அந்த வைத்தியத்தைக் கொண்டுபோனார்கள். பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. சாந்தாவுக்கு 2005-ல் மகசேசே விருதும் 2016-ல் பத்மவிபூஷணும் வந்தன.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்”

புற்றுநோய் டாக்டரின் அறைக்கு வெளியே அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. மகன் மறைக்கச் சொல்கிறார். உள்ளே இருக்கும் அப்பாவுக்கோ பாதி தெரிந்திருக்கிறது. பொய் சொன்னால், அடுத்து ஊசி போடும்போது அவர் நம்ப மாட்டார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் சிகிச்சையே வேண்டாம் என்று ஊருக்குப் போய்விடுவார். நல்ல டாக்டர், அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்கிறார். அடுத்து என்ன செய்யப்போகிறோம், எத்தனை தடவை வர வேண்டும், முடி கொட்டினால் மறுபடி முளைக்குமா, செலவுக்கு என்ன வழி என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்கிறார். குணமாகாது என்ற நிலையிலும் அவர் கைவிரிப்பதில்லை. வலியைக் குறைத்து, நோயாளியைத் தூங்கவைத்து, சாப்பிடவைப்பதும் அவர் வேலைதான்.

ஜூலை 1 டாக்டர்கள் தினம். வாழ்த்தலாம், பொன்னாடை போர்த்தலாம். ஆனால் முத்துலட்சுமி காலத்தில் தொடங்கிய சிக்கல் இன்னும் தீரவில்லை: நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் தட்டுப்படும் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு வரும் ரத்தப்போக்கு, இவற்றில் எதைக் கண்டாலும் ‘பார்ப்போம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். டாக்டர் சொல்லும் தைரியம் பலிக்க நம் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியது இவ்வளவுதான்.