மேசைமேல் ஒரு போர்த்தேர்

தேர் என்றவுடன் நம் வாசகர்களின் கண்முன் வருவது பங்குத் திருவிழாவின் தேர்ப்பவனியே. ஓசூர்வாசிகளுக்குச் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலின் பெருந்தேரும் நினைவுக்கு வரலாம். நாம் இங்குக் கூறவந்த தேரோ உள்ளங்கையில் அடங்குவது. பழங்காலப் போர்த்தேரின் சிற்றுருவுக்கு வண்ணந் தீட்டி, சிறு தட்டின்மேல் நிறுத்தி, விதிகளின்படி மேசையில் போர் நடத்திப் பார்ப்பது மேலைநாடுகளில் பெரியவர்களும் விரும்பும் பொழுதுபோக்கு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இத்தகைய ஆட்டத்திற்கென ஒரு நூலே எழுதினார். உண்மைப் போரைவிட இச்சிறு போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

போர் விளையாட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பது முறையே. ஆயினும், நால்வகைப் படையையே பெயராகக் கொண்ட சதுரங்கத்தை நாம் வீட்டில் விலக்குவதில்லை. மூன்று மாலைப்பொழுது செலவிட்டு ஒரு வீரனுக்குக் கண்ணும் மீசையும் எழுதிய பிள்ளை, அவன் வீழும்போது ஆரவாரம் செய்வது அரிது என்பது நம் எண்ணம். கைப்பேசித் திரையில் நொடிக்கு ஒருவரைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டங்களுக்கு அந்தத் தயக்கம் தெரியாது.

எந்தத் தேரைத் தீட்டுவது? விவிலியம் அறிந்தோர் பார்வோனின் அறுநூறு தேர்களை நாடுவர். சாலமோனிடம் 1,400 தேர்கள் இருந்தன என்றும், எகிப்திலிருந்து வந்த தேர் ஒன்றின் விலை 600 வெள்ளிக்காசு என்றும் அரசர்கள் முதல் நூல் கூறுகிறது. நாம் பரிந்துரைப்பது நம் நாட்டுத் தேரையே. கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸ் மன்னரின் தேர்களை உரோமை வரலாற்றாசிரியர் கூர்த்தியுஸ் விவரித்துள்ளார். தேருக்கு நான்கு குதிரைகள், ஆறு ஆட்கள். இருவர் கேடயம் தாங்குவோர், இருவர் வில்லாளர், இருவர் சாரதியர். மழையால் தரை குழைந்திருந்தது. கனத்த தேர்கள் சேற்றில் சிக்கிப் பயனற்றுப் போயின.

சக்கரத்தில் கவனம் தேவை. 2018-இல் உத்தரப்பிரதேசத்துச் சினௌலியில் அகழ்ந்தெடுத்த வண்டிகளுக்கு ஆரக்கால் இல்லாத, செப்புப் பதித்த முழுவட்டச் சக்கரங்கள் இருந்தன. அவை தேரா, வண்டியா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். போரஸின் தேருக்குச் சாஞ்சித் தோரணச் சிற்பங்களில் காணும் ஆரக்கால் சக்கரமே ஏற்ற மாதிரி.

வார்ப்பினைச் சோப்பு நீரில் கழுவி, விளிம்புகளை அரத்தால் தேய்த்து, குதிரை, தேர்த்தட்டு, ஆட்கள் ஆகியவற்றைத் தனித்தனியே தீட்டுக. முன்கூட்டியே ஒட்டிவிட்டால் தூரிகை உள்ளே நுழையாது. பொறுமையற்றோர் இங்கேதான் தடுமாறுகின்றனர். சாம்பல்நிற முதற்பூச்சு உலர்ந்தபின், நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக இடுக. பள்ளங்களில் கருநிற நீர்ப்பூச்சு ஓடட்டும். பின்பு தூரிகையைத் துணியில் துடைத்து, உலர்ந்த நுனியால் மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் தடவுக. 28 மி.மீ. உயர வீரனுக்கு விழி எழுத உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். அத்தகைய கண்ணாடி வழியே கடிகாரத்தின் நுண்பாகங்களைப் பொருத்திப் பழகிய கைகள் ஓசூர்க் குடும்பங்களில் உண்டே!

இனி அடித்தட்டு. இவ்வுருவங்களுக்கு 60 மி.மீ. அகலம் பல விதிநூல்களின் வழக்கம். பசை தடவி மணல் தூவுவர். கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் தூளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அத்தூளை உலர்நிலையில் சலித்தல் ஆகாது, நுரையீரலைக் கெடுக்கும். நனைத்தே பயன்படுத்துக. நம் வட்டாரச் செம்மண் நிறமும் இங்குப் பொருந்தாது. ஜீலம் கரை வண்டல் நிலம். சாம்பல் கலந்த பழுப்பே தகும். பசை ஈரமாக இருக்கும்போதே சக்கரத்தைச் சற்று அழுத்திப் பதித்து, தடத்தில் மட்டும் மினுக்கு வார்னிஷ் தடவினால் மழைச்சேறு கண்ணுக்குத் தெரியும்.

கடிவாளம் கடைசி வேலை. மெல்லிய நூலில் அமைக்கலாம். கைகலப்பு நெருங்கியதும் சாரதியர் கடிவாளத்தை விட்டுவிட்டு ஈட்டி எறிந்தனர் என்கிறார் கூர்த்தியுஸ். ஆகவே நூலை இழுத்துக் கட்டாமல், குதிரைகளின் முதுகில் தளர்ந்து கிடக்கவிடுக.