உயர்முகில்களும் குளிர்கால ஆபத்துகளும்

யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த நாளில் மார்கழி, தை மாதப் பனியையே பெருங்குளிர் என எண்ணினோம். ஆயினும் அங்கே நீர் உறைந்ததில்லை. இன்று ஹரிஸ் பார்க்கில் நமக்கு யூன், யூலை, ஓகஸ்ட் ஆகியனவே குளிர்கால மாதங்கள். இக்காலத்து வானம் காட்டும் அறிகுறிகளை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

முகில்களை வகுத்துப் பெயரிடும் முறையை 1802 ஆம் ஆண்டில் லண்டனில் எடுத்துரைத்தவர் லூக் ஹவார்ட். அவர் ஒருவகை முகிலுக்கு, மயிர்ச்சுருள் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். அதுவே நாம் கூறும் கீற்றுமுகில். ஏறத்தாழ 6 கிலோமீற்றருக்கு மேலே வெண்ணிற நூலிழைபோற் காணப்படும் இம்முகில் பனிக்கட்டிப் பளிங்குகளால் ஆனது. ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைவதே அதற்குக் காரணமாகும்.

இம்முகில் மெல்லிய திரைபோற் பரந்தால் கீற்றுப்படைமுகில் எனப்படும். அப்போது பளிங்குகளினூடே ஒளி முறிவதால் திங்களைச் சூழ ஒரு பெருவட்டம் தோன்றும். கையை முன்னே நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள். திங்களிலிருந்து வட்டத்தின் விளிம்பு வரை ஏறத்தாழ ஒரு சாண், அதாவது 22 பாகை இருக்கும். ஞாயிற்றைச் சுற்றியும் இவ்வட்டம் தோன்றும். ஆனால் ஞாயிற்றை வெறுங்கண்ணால் நோக்கலாகாது.

'அகல்வட்டம் பகல்மழை' என்னும் பழமொழியின் விளக்கம் இதுவே. மழைமுகில்களுக்கு முன்னோடியாக உயர்முகில்கள் வருவதுண்டு. எனினும், ஒவ்வொரு முறையும் மழை பெய்யும் என்பதில்லை. ஆதலால் வானிலை அறிவித்தலையும் கேட்டறிதல் வேண்டும்.

பனி காண மலைக்குச் செல்வோர் இதனை மறத்தலாகாது. கொசியஸ்கோ மலையின் உயரம் 2228 மீற்றர். நம் ஊரிலும் பார்க்க அங்கே ஏறத்தாழ 14 பாகை குளிர் கூடுதலாக இருக்கலாம். காற்றும் ஈர உடையும் உடற்சூட்டை விரைவிற் கவர்ந்துவிடும். 1999 ஓகஸ்ட் மாதம் அம்மலைப்பகுதியிற் பனிப்புயலில் அகப்பட்ட நான்கு இளைஞர்கள் பனியிற் குகை தோண்டி ஒதுங்கினர். வாயிலைப் பனி மூடியதால் மூச்சுத்திணறி இறந்தனர். நவம்பரிலேயே அவர்களின் உடல்கள் கிடைத்தன.

முகிலற்ற தெளிந்த இரவும் ஆபத்தற்றதன்று. முகில் நிலத்துக்குப் போர்வை போன்றது. அப்போர்வை நீங்கினால் நிலத்தின் வெப்பம் விண்ணுக்குச் சென்றுவிடும். விடியற்காலையில் நீலமலை வீதிகளிற் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டிப் படலம் உண்டாகலாம். அங்கே வாகனத்தை மெதுவாகச் செலுத்துதல் வேண்டும்.

அத்தகைய இரவுகளிற் கதவு, யன்னல்களை அடைத்து வீட்டினுள்ளே கரியடுப்பு மூட்டுதல் உயிருக்கே ஆபத்தாகும். அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைச்சுற்று, வாந்தி ஆகியன அதன் அறிகுறிகள். அவை தோன்றின் உடனே அனைவரும் வெளியேறி 000 என்னும் இலக்கத்தை அழைத்தல் வேண்டும். பெற்றோர்க்கு இவ்விலக்கம் பழக்கமில்லையெனின், பிள்ளைகளே, இன்றே சொல்லிக்கொடுங்கள்.